தடித்த தகடுகளை வெல்டிங் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பட்டறைகளில் தொழில் பழகும் பிள்ளைகள், முன்னே பழகியவர்கள் செய்த அதே பிழைகளையே இன்றும் செய்கிறார்கள். முகக்கவசத்தையும் எர்த் இணைப்பையும் பற்றி எந்தப் பாஸும் முதல் நாளே சொல்லிவிடுவார். இங்கே எழுதுவது, 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தகடுகளில் நேரும் பிழைகளைப் பற்றி.

ஈரம் ஏறிய றொட்

7018 வகை றொட்டின், அதாவது வெல்டிங் கம்பியின், மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்து நிற்கும் நம் பகுதியில், பிரித்த பெட்டியை இரவு முழுவதும் திறந்து வைப்பது பெருந்தவறு. அந்த ஈரம் வெல்டிங் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் புகுகிறது. தடித்த தகடு சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் ஒட்டின் ஓரம் சடுதியாகக் குளிர்ந்து கடினமாகிறது. குளிரும் உலோகம் சுருங்கி இழுக்க, விரிசல் விழுகிறது. ஒட்டு அன்றைக்குப் பார்க்க அழகாகவே இருக்கும். விரிசல் ஓரிரு நாள் கழித்தும் வரக்கூடும் என்பதால்தான் 48 மணித்தியாலத்தின் பின் சோதிக்கச் சொல்கிறார்கள்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் இயந்திரத்தின் அடித்தகட்டை ஒட்டிய மூன்றாம் நாள், புதுப் பெயின்ற் மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. கிரைண்டரால் சுரண்டிப் பார்த்தபோது, ஒட்டில் அல்ல, அதன் விளிம்பை அடுத்த தகட்டிலேயே விரிசல் நீளமாக ஓடியிருந்தது. கொழுந்து குவியும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, ஒட்டு முழுவதையும் தோண்டியெடுக்க வேண்டியதாயிற்று. றொட்டைத் தகட்டில் ஒட்டவைத்துச் சிவக்கும் வரை பிடித்தால் உலர்ந்துவிடும் என்று, அதை ஒட்டிய தம்பிக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தப் பழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிச் செய்தால் பூச்சு வெடித்துப் பாழாகுமே தவிர, ஈரம் சீராக நீங்காது. உற்பத்தியாளர் குறிப்பிடும் அளவில், பொதுவாக 300 முதல் 350 பாகை செல்சியஸில், ஓரிரு மணித்தியாலம் அடுப்பில் சூடேற்றி, பின்னர் 100 பாகைக்கு மேலேயே வைத்திருந்து, தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். 6010 வகை றொட்டை மட்டும் இவ்வாறு சுடக்கூடாது; அதன் பூச்சுக்குச் சிறிது ஈரம் வேண்டும்.

குளிர்ந்த தகட்டில் தொடங்குதல்

ஒட்டுமுன் தகட்டைச் சூடேற்றுவதே முன்சூடு. காஸ் சுவாலை பட்டவுடன் தகட்டில் நீர் பூத்து மறையும். சுவாலையிலிருந்து வரும் நீராவி குளிர்ந்த இரும்பில் படிவதே அது. அது மறைந்ததும் முன்சூடு போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். தடிப்புக்கும் இரும்பின் வகைக்கும் விதித்த வெப்பம், இணைப்பிலிருந்து 75 மில்லிமீற்றர் தள்ளியும் இருக்கிறதா என்று வெப்பச் சோக்கால் (குறித்த வெப்பத்தில் உருகும் சோக்கு) பார்க்க வேண்டும்.

கசடு

றொட்டின் பூச்சு உருகி ஒட்டின் மேல் ஓடாக உறைவதே கசடு. அதை ஒவ்வொரு அடுக்கிலும் நீக்க வேண்டும்.

ஒரே பக்கத்தில் நிரப்புதல்

தகடு வளைந்துவிடும். தகட்டு விளிம்புகளை இரு பக்கமும் வீ வடிவில் சரித்து, பக்கம் மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும்; மறுபக்கம் தொடங்குமுன், பழுதற்ற உலோகம் தெரியும் வரை வேரை, அதாவது ஒட்டின் அடிப்பகுதியை, கிரைண்டரால் தோண்ட வேண்டும்.