அலியா டைசனா? நடக்காத சண்டையை மனதில் நடத்திப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் பின்னேரம் காற்று வாங்கப் போனால் கிரிக்கெட் கதை முடிந்த பிறகு எப்படியோ குத்துச்சண்டை வந்துவிடும். "முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்லுவார்?" என்று ஒருவர் தொடங்கினால் போதும், கொம்புமுறி விளையாட்டின் வடசேரி தென்சேரி அணிகள் மாதிரி ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். பிரியட்டும், அதுதான் சுவை. ஆனால் எந்த அலி, எந்த டைசன், எந்தச் சட்டத்தில் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொம்புமுறியில்கூட இரண்டு கொம்பையும் கொளுவிய பிறகுதான் இழுப்பு. அதனால் முதலில் கொளுவுவோம்.

ஆளை எடுக்காதீர்கள், ஒரு இரவை எடுங்கள். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த அலியின் கால்கள் வேறு, வியட்நாம் போருக்குப் போக மறுத்து மூன்றரை வருடம் மேடையை இழந்து 1970இல் திரும்பிய அலியின் கால்கள் வேறு. 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனை வென்றது கயிற்றில் சாய்ந்து அடி வாங்கத் தெரிந்த மூன்றாவது ஒரு அலி. டைசனும் அப்படித்தான். 1988 ஜூனில் மைக்கல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்தவரும், 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தவரும் ஒரே பெயர்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. ஆகவே கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் வருடத்தையும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது சட்டம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பாதி விடை. 1919இல் ஜாக் டெம்ப்சி 187 இறாத்தலோடு 245 இறாத்தல் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை விழுத்தினார். விழுந்தவர் எழும்பும்போது பக்கத்திலேயே நின்று அடிக்கலாம், அன்றைய விதி அது. 1927இல் ஜீன் டனியை விழுத்தியபோது விதி மாறியிருந்தது: விழுத்தியவர் மேடையின் நடுநிலை மூலைக்கு ஒதுங்கிய பிறகுதான் நடுவர் பத்துவரை எண்ணுவார். டெம்ப்சி உடனே அங்கே போகாததால் நடுவர் எண்ணத் தொடங்கவே பிந்தியது, டனி எழும்பினார், கடைசியில் புள்ளியில் வென்றார். ஆள் அதே டெம்ப்சிதான். அவரை யாரோடும் மோதவிட முன்னர் எந்த வருடத்துச் சட்டம் என்று கேளுங்கள், சில சண்டைகள் அந்த ஒரு கேள்வியிலேயே தலைகீழாகும்.

சுற்றுகளும் அப்படியே. முன்னர் சம்பியன் பட்டத்துக்கான சண்டை 15 சுற்று. 1982இல் கொரிய வீரர் கிம் டக்-கு 14ஆம் சுற்றில் விழுந்து சில நாட்களில் இறந்த பிறகுதான் குத்துச்சண்டை அமைப்புகள் ஒவ்வொன்றாக 12க்கு இறங்கின. டைசன் 12 சுற்றுக்கு மேல் ஒருநாளும் போனதில்லை, அலி 15ஐப் பல தடவை பார்த்தவர்.

உடம்பைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். தோல்வியே காணாமல் 49 வெற்றியோடு ஒதுங்கிய ரொக்கி மார்சியானோ ஏறத்தாழ 185 இறாத்தல்தான், இன்றைய கணக்கில் ஆகக் கூடிய எடைப் பிரிவான ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட். அவரை அப்படியே கொண்டுவரப் போகிறீர்களா, அல்லது இன்றைய சாப்பாடு பயிற்சியோடு வளர்த்தெடுக்கப் போகிறீர்களா? நான் அப்படியே கொண்டுவருவேன், வளர்த்தால் அது நாமே செய்த ஆள். அதற்காக எடை குறைந்தவர் தோற்றார் என்றும் முடிவுகட்ட வேண்டாம். 2024இல் உசிக் தன்னைவிடக் கிட்டத்தட்ட 40 இறாத்தல் கூடிய, 6 அடி 9 அங்குல பியூரியை வென்றதைப் பார்த்தோம்தானே.

சங்கிலிக் கணக்கு மட்டும் போடாதீர்கள். ஜோ பிரேசியர் 1971இல் அலியை வென்றார், 1973இல் போர்மன் அதே பிரேசியரை இரண்டு சுற்றில் ஆறு தடவை விழுத்தினார், அப்படியானால் அலி போர்மனிடம் நசுங்கியிருக்க வேண்டும். நடந்தது எட்டாம் சுற்றில் போர்மன் விழுந்தது. யார் யாரை வென்றார் என்பதைவிட எந்தப் பாணி எந்தப் பாணியைத் தொந்தரவு செய்கிறது என்று பாருங்கள். கணினியை நம்பியும் பார்த்திருக்கிறார்கள். அலியும் மார்சியானோவும் 1969இல் நேரிலேயே கமெராவுக்கு முன்னால் பல முடிவுகளுக்கும் நடித்துக் கொடுத்தார்கள், கணினி 13ஆம் சுற்றில் மார்சியானோ என்றது. எனக்கு அதில் நம்பிக்கை வரவேயில்லை, கொடுத்த எண்களைத்தான் அது திருப்பித் தரும்.

சரி, இப்போது 1966 அலி, 1988 டைசன், 12 சுற்று, இன்றைய சட்டம். ஒவ்வொரு சுற்றாக எழுதுங்கள். அலி விழுந்த சண்டைகளைத் தேடிப் பாருங்கள்: 1962இல் பாங்ஸ், 1963இல் கூப்பர், 1971இல் பிரேசியர், மூன்றும் இடது ஹூக், அதாவது இடது கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து. டைசனிடம் இருக்கும் மிகக் கெட்ட ஆயுதமும் அதுதான், அதனால் முதல் நான்கு சுற்றில் நான் மூச்சுவிட மாட்டேன், அலி ஒரு தடவை விழுந்தே ஆவார் என்றுகூட எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் டைசனின் கை எட்டுவது 71 அங்குலம், அலிக்கு 78. உள்ளே வந்தாலும் அலி கழுத்தைப் பிடித்து அமர்த்துவார், 1987இல் போன்குரஷர் ஸ்மித் பிடித்துக்கொண்டே நின்றபோது டைசனுக்கு 12 சுற்றிலும் அவரை விழுத்தி முடிக்க முடியாமல் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை உடனுக்குடன் பிரிக்கிற நடுவரா, விட்டுவைக்கிறவரா என்பதையும் எழுதுங்கள், அது இரண்டு சுற்றையாவது மாற்றும். ஆறாம் சுற்றுக்குப் பிறகு டைசனின் தலை அசைவது குறையும், அலியின் ஜாப், முன்கையை நேரே நீட்டிக் குத்துவது, விழத் தொடங்கும். என் கொப்பியில் அலி, புள்ளியில், எட்டுச் சுற்று அலிக்கு, நான்கு டைசனுக்கு.

பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் சின்ன வயதிலிருந்தே அலியின் ஆள். வாசித்துவிட்டு "1971 மார்ச் அலியைப் போட்டுப் பார் மகன்" என்றார். போட்டேன். கால் வேகம் போன அலி, அதே இடது ஹூக், டைசன், ஐந்தாம் சுற்று.