கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி சாஃப்ட்வேர் காப்பி போடாதீங்க

புது கஸ்டமர் வந்தாலே பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி பேரை மாத்திடுறோம்ல, அங்கதாங்க வினையே. நான் பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்ன இப்படி ஆறு காப்பி ஆக்கி வச்சிருந்தேன், ரவுண்ட் ஆஃப்ல ஒரு பைசா தப்பு, அதை ஒவ்வொண்ணா திருத்துறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு, ஆறாவதை மறந்தே போயிட்டேன். லினக்ஸ் கெர்னலை (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பாருங்க, ஒரே சோர்ஸ் கோடுதான் சின்ன ரவுட்டர்லயும் ஓடுது சூப்பர் கம்ப்யூட்டர்லயும் ஓடுது, வித்தியாசமெல்லாம் கேகான்ஃபிக்ல (எந்தெந்த வசதி வேணும்னு தேர்ந்தெடுக்குற அமைப்பு) இருக்குற ஆயிரக்கணக்கான ஆப்ஷன்லதான், எதை ஆன் பண்ணா கூடவே எது வேணும்னும் அதுலயே எழுதிருக்கும். நீங்களும் எது பொது, எது ஆளுக்கு ஆள் மாறும்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க (வரி கணக்கு பொது, பிரிண்ட் ஃபார்மட் மாறும்). மாறுறதை மட்டும் கான்ஃபிக் ஃபைலுக்கு (செட்டிங்ஸ் மட்டும் இருக்குற தனி ஃபைல்) தள்ளுங்க. ஒரே கஸ்டமர்னா இந்த வேலையே வேண்டாம், மூணாவது ஆள் வரும்போது ஆரம்பிச்சா போதும்.