ஜெர்மனி பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்களா? பெங்களூருவில் இருந்தபடி சரியாக விசாரிப்பது எப்படி

பெங்களூரு தமிழர்கள் நடுவில் இப்போது ஜெர்மனிப் பேச்சு அதிகமாகிவிட்டது. ஆடுகோடியில் பாஷ், வைட்ஃபீல்டில் எஸ்ஏபி, எலக்ட்ரானிக் சிட்டியில் சீமென்ஸ் என்று ஜெர்மன் கம்பெனிகள் இங்கேயே இருக்கின்றன. போதாததற்கு 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியர்களுக்கான வேலை விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் தெரிந்தவர்களை விசாரிப்பது. அங்கேதான் தலை சுற்ற ஆரம்பிக்கும். போன கோடையில் குடும்பத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மாமா "ஊர்னா அது ஊர்" என்பார். ம்யூனிக்கில் நாலு வருடமாக இருக்கும் காலேஜ் சீனியர் "யோசிச்சு வாடா" என்பார்.

தரவரிசைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் 2019 வாழ்க்கைத்தரப் பட்டியலில் ம்யூனிக்குக்கு உலகத்திலேயே மூன்றாம் இடம். 2023-ல் இன்டர்நேஷன்ஸ் அமைப்பு வெளிநாடுகளில் குடியேறியவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் ஜெர்மனி 53 நாடுகளில் 49-வது. முதல் பட்டியல் பார்ப்பது ஊரின் வசதியை: தண்ணீர், போக்குவரத்து, மருத்துவமனை, பாதுகாப்பு. இரண்டாவது, புதிதாகப் போனவர்களுக்கு வீடு கிடைத்ததா, நண்பர்கள் அமைந்தார்களா, அரசாங்க அலுவலகத்தில் வேலை நடந்ததா என்று கேட்கிறது. அதனால் இரண்டுமே சரியாக இருக்க முடியும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வந்து லால்பாக்கில் நடந்துவிட்டுப் போகும் விருந்தாளி சொல்லும் பெங்களூருவும், தினமும் சில்க் போர்டு தாண்டி வேலைக்குப் போகிறவர் சொல்லும் பெங்களூருவும் ஒன்றா? இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால் "ஊர் எப்படி?" என்று கேட்பதை விடுங்கள். அந்த அபிப்பிராயம் எந்த நிலைமையில் உருவானது என்று கேளுங்கள். நானும் ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். என்னிடம் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் மாதத்தைக் கேளுங்கள். ஜூனில் பெர்லினில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும், ஆற்றங்கரை முழுக்க ஆட்கள் இருப்பார்கள். அதே பெர்லினில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து இருட்டத் தொடங்கிவிடும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் மாறுகிறது, ஆகையால் இந்த இருட்டு மனதை என்ன செய்யும் என்று இங்கே உட்கார்ந்து ஊகிக்கவே முடியாது. கோடையில் மட்டும் போனவர் சொல்வதை நம்புங்கள், ஆனால் அதைக் கோடைக்கு மட்டும் நம்புங்கள். பிப்ரவரியில் புலம்புகிறவரிடம் ஜூலையில் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள்.

அடுத்தது வாடகை. இதில்தான் ரொம்பப் பேர் குழம்பிப் போகிறார்கள், அங்கேயே குடியிருப்பவர்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். காரணம் சட்டம். ஏற்கனவே குடியிருப்பவரின் வாடகையைச் சாதாரணமாக மூன்று வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது, வீட்டுக்குத் தட்டுப்பாடு இருக்கிற ஊர்களில் 15 சதவீதம்தான். தகுந்த காரணம் இல்லாமல் காலி பண்ணச் சொல்லவும் முடியாது. ஆக 2012-ல் ம்யூனிக்கில் குடிபோனவர் கொடுக்கும் வாடகையும், அதே கட்டடத்தில் இந்த வருடம் நுழைகிறவர் கொடுக்கும் வாடகையும் வேறு வேறு உலகம். பழைய ஆள் "அவ்வளவு ஒன்றும் இல்லையே" என்றால் அது அவருக்கு உண்மை. எனவே "வாடகை எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: எந்த வருடம் ஒப்பந்தம் போட்டீர்கள், சொல்கிற தொகை ஹீட்டிங்கும் பராமரிப்பும் சேர்த்தா சேர்க்காமலா, வீட்டில் சமையலறை இருந்ததா. கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தெரியும், ஆனால் அங்கே நிறைய வாடகை வீடுகள் சிங்க், அலமாரி, அடுப்பு எதுவுமே இல்லாமல் வெறும் சுவராகத்தான் வரும், அதை நீங்களேதான் வாங்கி மாட்ட வேண்டும். ஹோட்டலில் தங்கியவருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. ஒரு நல்ல விஷயமும் உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு, அங்கே அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்ற சட்டம் பெரிய நிம்மதி.

ரயிலுக்கு வருவோம். "நிமிஷம் தப்பாமல் வருது" என்று சுற்றுலா போனவர் சொல்வார், அங்கே இருப்பவர் டாய்ச்ச பான் என்ற ஜெர்மன் ரயில் நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பார். ஊருக்குள் ஓடும் டிராமும் சுரங்க ரயிலும் ஒரு கதை, ஊர்விட்டு ஊர் போகும் ஐசிஇ அதிவேக ரயில் இன்னொரு கதை. 2024-ல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் கணக்கிலேயே வராது. தண்டவாளமும் சிக்னலும் பழசாகிப் போனது ஒரு முக்கியக் காரணம். அதைச் சரிசெய்யத்தான் 2024 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்–மன்ஹைம் பாதையை ஐந்து மாதம் அடியோடு மூடி வேலை பார்த்தார்கள். இதில் யார் பேச்சையும் நம்ப வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அந்த ரயில் நிறுவனத்தின் டிபி நேவிகேட்டர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஆபீஸ் இருக்கும் ஊரையும் குடியிருக்க நினைக்கும் ஊரையும் அதில் கொடுங்கள். நமக்குப் பகல் பதினொன்றரை என்றால் கோடையில் அங்கே காலை எட்டு மணி, குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு வாரம் அந்த ரயிலைத் தொடர்ந்து பார்த்தால், எத்தனை நாள் தாமதம், எத்தனை நாள் ரத்து என்று நீங்களே எழுதி வைத்துவிடலாம். மாதச் செலவைக் கணக்குப் போடும்போது, 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ என்பதையும், அது ஐசிஇ-க்குச் செல்லாது என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம், ஊரில் எந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று கேளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள் தெருவிலேயே இருப்பதைப் பார்க்கலாம், வந்தவர் பயந்துவிடுவார். போர்ன்ஹைம் பகுதியில் குடியிருப்பவருக்கு அது அன்றாட வாழ்க்கையே இல்லை. ஹைடெல்பெர்க்கில் நேர் எதிர். இரண்டாம் உலகப்போரில் பெரிய குண்டுவீச்சு இல்லாமல் தப்பிய ஊர், கோட்டை, ஆறு, பழைய பாலம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் பக்கத்திலுள்ள வால்டோர்ஃபில் எஸ்ஏபி வேலைக்குப் போகிறவர்கள் பலர் வாடகைக்குப் பயந்து லைமன், வீஸ்லோஹ் என்று சுற்றியுள்ள சின்ன ஊர்களில்தான் வீடு பார்க்கிறார்கள். கொலோனைப் பற்றி "அந்த தேவாலயத்தைத் தவிர ஒன்றுமில்லை" என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். போரில் நொறுங்கியதை 1950-களில் அவசரமாகக் கட்டி எழுப்பிய ஊர் அது, பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள், அந்த ஊர் மனிதர்கள் பழகும் விதத்துக்காகவே வேறெங்கும் போக மாட்டேன் என்பார்கள். என்னைக் கேட்டால், தினசரி வாழ்க்கைக்கு அழகான ஊரைவிடப் பேச்சுக் கொடுக்கிற ஊர் மேல்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். ஞாயிறு ஓய்வுக்கு அவர்களுடைய அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. சின்னக் குழந்தை வைத்திருக்கும் தம்பதி இதை வரம் என்பார்கள், தனியாக ஸ்டுடியோ ஃபிளாட்டில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பையனுக்கு அந்த நாள் தாங்காது. உங்கள் நிலைமை எதுவோ அந்த நிலைமையில் இருப்பவரிடம் கேளுங்கள். பெண்கள் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், இரவில் தனியாக வீடு திரும்புவது, ஆபீஸில் பேச்சு, தெருவில் பார்வை பற்றியெல்லாம் கணவன்மார் சொல்லும் பதில் போதாது. குழந்தைக்குப் பத்து வயது நெருங்குகிறது என்றால் பள்ளிக்கூடத்தைப் பற்றி அழுத்திக் கேளுங்கள், பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வேறு வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள், அந்த வயதில் ஜெர்மன் வராத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

யாரிடமும் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: "உங்களுக்கு வரும் கடிதங்களை யார் படித்துச் சொன்னார்கள்?" கம்பெனி ஏஜென்ட் வைத்து வீடு, விசா, வங்கி எல்லாம் முடித்துக் கொடுத்தவருக்கு ஜெர்மனி சுலபம். பெர்லின் காபிக் கடையில் ஆங்கிலம் போதும், அரசாங்கக் கடிதம் ஜெர்மனில்தான் வரும். அதனால்தான் நம் ஐடி ஆட்களை மட்டும் விசாரிக்காதீர்கள் என்கிறேன். 1980-களிலிருந்து அங்கே வேரூன்றிய ஈழத்தமிழர்கள் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் நிறைய இருக்கிறார்கள், ஹம் ஊரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான். மொழி தெரிந்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்து, கஷ்டத்தையும் பார்த்தவர்கள் அவர்கள், அவர்களிடம் கிடைக்கும் தகவலின் கனமே வேறு.

முடிந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை போய் வாருங்கள், நவம்பரில் போங்கள். ஊர் நடுவில் ஹோட்டல் எடுக்காமல் குடியிருப்புப் பகுதியில் தங்குங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள், காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வரை போய்ப் பாருங்கள், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருங்கள். போக முடியாதென்றால் எச்ஆரிடம் ஒன்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: முதலில் தங்கத் தரும் வீட்டின் முகவரியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், வரி எண்ணும் அதற்குப் பிறகுதான் தபாலில் வரும். பதிவு செய்ய முடியாத வீடு என்றால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு வீடு கேளுங்கள்.