காட்டுப் பழங்களின் சத்து வீணாகாமல் உண்ண

நாவல், களா போன்ற காட்டுப் பழங்களுக்குக் கருநீல நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, நம் உடலின் செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் கொண்டது. இது பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் செறிந்திருக்கிறது. ஆகவே, தோலை உரித்தோ சக்கையை வடிகட்டியோ உண்பது, பழத்தின் சிறந்த பகுதியையும் அதன் நார்ச்சத்தையும் எறிந்துவிடுவதாகும். நன்கு கறுத்துக் கனிந்த பழத்தையே தேர்ந்தெடுங்கள். நாவற்பழத்தை மென்றதும் நாக்கில் படியும் ஊதா நிறம் இந்த நிறமியே. உடன் தோன்றும் துவர்ப்பு, டானின் என்னும் தாவரச் சேர்மம் தருவது.

நெல்லிக்கனியில் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. இச்சத்து நீரில் கரைவதோடு, வெப்பத்தாலும் காற்றுப் படுவதாலும் குறைந்துவிடும் என்பதால், முழுக்கனியாகக் கழுவி, உண்ணும் வேளையில் மட்டுமே நறுக்குங்கள். கீரையோ பருப்போ உள்ள உணவோடு இரண்டு துண்டுகளைச் சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக ஈர்த்துக்கொள்ளும். என் கருத்தில், சர்க்கரைப் பாகில் நெடுநேரம் காய்ச்சுவதைவிட இதுவே மேலான முறை. மிஞ்சிய நாவல், களாப் பழங்களை உறையவைத்தால் அவற்றின் நிறமி பெரும்பாலும் கெடாது.

இன்னதென்று உறுதியாக அடையாளம் தெரியாத காட்டுப் பழத்தை ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள்.