நகரத்துக்குக் காரிலேயே போவதா, ஓரத்தில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலையாகப் பெரிய நகரம் ஒன்றுக்குப் போக வேண்டும். கையில் கார் இருக்கிறது. நகர மையம் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். இல்லையென்றால் நகரத்தின் விளிம்பில் இருக்கும் பார்க் அண்ட் ரைடில் வண்டியைப் போட்டுவிட்டு மெட்ரோவோ பஸ்ஸோ பிடிக்கலாம். எது மேல் என்று கேட்டால் ஆளுக்கொரு கட்சி கட்டுவார்கள். ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் தவறாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு: போவதற்குக் கணக்குப் போடுகிறார்கள், திரும்புவதற்குப் போடுவதில்லை. தெம்பாகக் கிளம்பும் காலையில் எந்த வழியும் நல்ல வழிதான். முடிவு சரியா தப்பா என்பது சாயங்காலம்தான் தெரியவரும்.

மேப் காட்டும் நேரத்தை அப்படியே நம்புவது

போன் மேப்பில் 55 நிமிடம் என்று வருகிறது. அது எங்கே முடிகிற 55 நிமிடம்? நீங்கள் போக வேண்டிய கட்டிடத்தின் எதிரே, நடுச்சாலையில். அங்கே காரை நிறுத்த முடியாது. அதற்கு அப்புறம்தான் இடம் தேடுவது, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒவ்வொரு தளமாக இறங்குவது, லிஃப்டுக்குக் காத்திருப்பது, நடப்பது எல்லாம் வருகிறது.

பார்க்கிங் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய பெயர் டொனால்ட் ஷூப். 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளை அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இடம் தேட ஆன நேரம் சராசரியாக 8 நிமிடம். அந்தத் தெருக்களில் ஓடிய வண்டிகளில் சுமார் 30 சதவீதம் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தவை. நெரிசல் இருக்கும் என்று தெரிந்த தெருக்களில்தான் ஆய்வாளர்கள் போய் எண்ணுவார்கள், ஆகவே எல்லாத் தெருவுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள் என்பதையும் அவரே சொல்லிவைத்தார். நியாயம்தான். ஆனால் நாம் போகப்போவதும் அந்த மாதிரித் தெருவுக்குத்தானே.

ரயில் கட்சிக்காரர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். 'மெட்ரோவில் 22 நிமிடம்' என்பார்கள். பார்க்கிங்கிலிருந்து பிளாட்பாரம் வரை நடை, டிக்கெட் இயந்திரத்தில் வரிசை, அடுத்த வண்டி வரும் வரை காத்திருப்பு, நடுவில் ஒரு மாற்றம், இறங்கிய பிறகு மறுபடி நடை. எல்லாம் சேர்ந்தால் 22 என்பது 45 ஆவது பெரிய விஷயமில்லை. வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே போய் நாற்காலியில் உட்காரும் வரை என்று இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் ஒப்பீடு.

இன்னொன்று. நேர்காணல், மருத்துவர் சந்திப்பு மாதிரி தவறவிடக் கூடாத நேரம் இருந்தால் சராசரியைப் பார்க்காதீர்கள், மோசமான நாளைப் பாருங்கள். காரில் நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வரலாம். தனிப் பாதையில் ஓடும் ரயிலில் அவ்வளவு வராது. புறநகர் பார்க்கிங்கிலிருந்து கிளம்புவது பஸ் என்றால், அதற்குத் தனி வழித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தப்பிக்க நினைத்த அதே நெரிசலில் பஸ்ஸுக்குள் நிற்பீர்கள்.

திரும்பும் நேரத்தை விட்டுவிடுவது

பணமும் மனநிம்மதியும் அதிகம் போவது இங்கேதான்.

பார்க் அண்ட் ரைடு பஸ்கள் பெரும்பாலும் அலுவலகம் போகிறவர்களுக்காக விடப்படுபவை. காலையிலும் மாலையிலும் அடிக்கடி வரும், ராத்திரி ஏறஏற இடைவெளி கூடும், ஒரு நேரத்தோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. சில இடங்களில் பார்க்கிங் கேட்டையே இரவில் பூட்டிவிடுவார்கள். பகல் வேலைக்குப் போனவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. கச்சேரிக்கோ மேட்சுக்கோ போனவருக்குத்தான் தெரியும். நிகழ்ச்சி பத்தரைக்கு முடிகிறது, கூட்டத்தோடு வெளியே வரவே கால் மணி, ஸ்டேஷனில் வரிசை, கடைசி பஸ் பதினொன்றுக்கு. அதை விட்டால் கார் நிற்கும் இடத்துக்கு டாக்சி பிடித்துப் போய், அங்கிருந்து காரை எடுத்து வீட்டுக்கு ஓட்ட வேண்டும். மிச்சம் பிடித்தது மொத்தமும் அந்த ஒரு டாக்சியில் போய்விடும்.

காரில் போனவருக்கு வேறு விதமான அடி. நிகழ்ச்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காரைக் கிளப்புவார்கள். நான்கு தளத்து வண்டிகளும் ஒரே சரிவுப் பாதையில் இறங்கி ஒரே தடுப்பு வழியாக வெளியே போக வேண்டும். முன்னால் ஒருவருக்குக் கார்டு வேலை செய்யாது. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். வெளியே வரவே அரை மணி, அப்புறம்தான் சாலை நெரிசல். பகல் வேலை என்றாலும், மாலை ஐந்து மணிக்கு மையத்திலிருந்து வெளியே போகிற திசைதான் அடைந்து கிடக்கும்.

ஆகவே முதலில் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு வண்டி இருக்கிறதா, கடைசி வண்டிக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வண்டியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசிக்கு முந்தியதுதான் உங்கள் வண்டி.

பெட்ரோலையும் டிக்கெட்டையும் மட்டும் ஒப்பிடுவது

பார்க்கிங் கட்டணம் காருக்கு, டிக்கெட் தலைக்கு. தனியாகப் போகிறவருக்கு ரயில் மலிவாக வரும். நான்கு பேர் என்றால் கணக்கு தலைகீழாகலாம். சில நகரங்களில் பார்க்கிங்குக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துக் குடும்ப டிக்கெட் உண்டு, அதை முதலில் தேடுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் புறநகர் பார்க்கிங்கில் ராத்திரி வண்டியை விட அனுமதி இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பல இடங்களில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு

மையத்துக்குள் காரோடு நுழையவே பணம், அல்லது நுழையவே தடை என்று வைத்திருக்கும் நகரங்கள் பெருகிவிட்டன. லண்டன் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006இல் சோதித்துப் பார்த்து 2007இல் நிரந்தரமாக்கியது. அங்கே உள்ளே போனாலும் கட்டணம், வெளியே வந்தாலும் கட்டணம். நியூயார்க்கில் 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் 60வது தெருவுக்குத் தெற்கே நுழைய வசூலிக்கிறார்கள். ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில் வண்டியின் புகை எந்தத் தரம் என்று காட்டும் ஸ்டிக்கர் முன் கண்ணாடியில் இல்லாமல் மையத்துக்குள் போகக் கூடாது.

பெரும்பாலும் சுங்கச்சாவடியும் கிடையாது, கை காட்டி நிறுத்தும் ஆளும் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், அவ்வளவுதான். லண்டனில் அன்றைக்குக் கட்ட மறந்தால் அதற்குப் பிந்தைய மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம், அதைத் தாண்டினால் அபராதம். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ், ரோம் போன்ற நகரங்களின் பழைய மையத்துக்குள், தடை இருக்கும் நேரங்களில், அனுமதி பெற்ற வண்டிகள்தான் போகலாம். ஜிபிஎஸ் 'வலப்பக்கம் திரும்பவும்' என்று சொல்லும், திரும்பியிருப்பீர்கள். வாடகைக் கார் என்றால் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். தங்கும் ஹோட்டல் எல்லைக்குள் இருந்தால், பல இடங்களில் அவர்களே உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்கள். ஆனால் நீங்கள் கேட்டால்தான்.

பார்க் அண்ட் ரைடைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள்

'இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் உள்ளே போய் நிறுத்துவோம்' என்பதுதான் முதல் தவறு. நெரிசலைப் பாதி தாண்டிய பிறகு வண்டி மாறினால் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் உங்களுக்கே. சிங்கப்பூர் 1975இல் மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தபோது, எல்லையை ஒட்டிப் பெரிய பார்க்கிங்குகளையும் அங்கிருந்து பஸ்களையும் ஏற்பாடு செய்தது. ஆள் வரவில்லை. கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்ட இடத்தில் இறங்கி பஸ் ஏறு என்றால் யார் ஏறுவார்கள்? சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆக்ஸ்ஃபோர்டு 1973 முதல் நடத்திவரும் பார்க் அண்ட் ரைடுகள் ஊரைச் சுற்றி, உள்ளே வரும் சாலைகளை ஒட்டியே இருக்கின்றன. நீங்கள் வரும் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. மறுபக்கத்தில் இருப்பது மலிவு என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

வேலை நாளில் பத்து மணிக்குப் போய் இடம் கிடைக்கும் என்று நம்புவது அடுத்தது. தினம் போகிறவர்கள் எட்டு மணிக்கே நிரப்பியிருப்பார்கள். நிரம்பியிருந்தால் அடுத்து எங்கே என்பதையும் குறித்துக்கொண்டே கிளம்புங்கள்.

சலுகைக்கு நிபந்தனை இருக்கும், படியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் பார்க் அண்ட் ரைடு மிக மலிவு. ஆனால் அங்கிருந்து மையத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் போய்த் திரும்பியதற்கு டிக்கெட்டில் பதிவு இருக்க வேண்டும், காரை எடுக்கும் முன் அதை இயந்திரத்தில் காட்ட வேண்டும். பதிவு இல்லையென்றால் சாதாரணக் கட்டணம். வேலை நாளில் காலை பத்துக்கு முன் நிறுத்தினால் விலை வேறு.

மற்றவை சின்ன விஷயங்கள்: காரின் கூரையில் பெட்டி கட்டியிருந்தால் நுழைவாயில் உயரம் பாருங்கள், பையை சீட்டில் தெரியும்படி விடாதீர்கள், நிறுத்திய வரிசை எண்ணைப் போனில் ஒரு போட்டோ எடுங்கள்.

எல்லாவற்றையும் ரயிலில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறே. நடக்கச் சிரமப்படும் பெரியவர், தூக்க முடியாத சாமான், நள்ளிரவுக்குப் பிறகு திரும்புவது, நகரத்தின் ஓரத்திலேயே வேலை என்றால் காரில் போவதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பார்க்கிங்கை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் இந்த இரண்டையுமே யோசித்துக்கொண்டிருக்கும்போது பலர் மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை: வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்தே நேரடி ரயில் இருந்தால், கார் சாவியை எடுக்கவே தேவையில்லை.