பிளக்கைப் பிடுங்கியும் 210 வோல்ட்

வீட்டுக் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் டப்பா) போய்விட்டது. அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்தால் டப்பா ஓட வேண்டும்; இணைத்துப் பார்த்தேன், விசிறி அசையவே இல்லை. சரி, புதுசு மாட்டியாயிற்று. அப்புறம் பழைய டப்பாவைத் திறக்க எனக்குக் கை அரித்தது.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தாலும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டரின் கால்களில் மல்டிமீட்டரை வைத்தேன். 210 வோல்ட்! 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாகும்போது 325 வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கியதும் அதை மெல்ல வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் (மின்தடை) கருகிக் கிடந்தது.

கெபாசிட்டரின் இரு கால்களையும் ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து காலியாக்குவது சிலருக்குப் பழக்கம்; தீப்பொறி தெறிக்கும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, கால்களுக்குக் குறுக்கே சில நொடி வைத்தேன். மீட்டர் 2 வோல்ட் காட்டிய பிறகே விரலை உள்ளே விட்டேன்.