தாழ்த்திய காரில் குலுக்கம்: குற்றவாளி டயர் இல்லை

முன்சக்கர இழுவை வண்டி. காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு 40 மி.மீ. இறக்கியிருந்தது. இரண்டாம், மூன்றாம் கியரில் 40 முதல் 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் குலுங்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். வீல் பேலன்சிங் கெட்டிருந்தால் நியூட்ரலில் உருளும்போதும் நடுங்கும். அழுத்தும்போது மட்டும் வந்தால் முதல் சந்தேகம் டிரைவ் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள்பக்க ஜாயின்ட்.

ஓட்டிப் பார்க்க ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் போகாதீர்கள், கணவாய்க் காற்றே காரை ஆட்டும்.

உள்ஜாயின்ட்டில் மூன்று உருளைகள். ஷாஃப்ட் சாயும் கோணம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் தள்ளும். 400 மி.மீ. ஷாஃப்ட்டில் 40 மி.மீ. இறக்கம் சுமார் 6 டிகிரி மாற்றம். உருளைகள் பழைய தேய்மானத் தடத்தை விட்டு வேறிடத்தில் ஓடுவதால் குலுக்கம் இன்னும் கூடும்.

முதலில் 15 மி.மீ. உயர்த்திப் பார்த்தேன், குலுக்கம் பாதியானது. காரணம் உறுதி. இடது ஷாஃப்ட்டைக் கழற்றினால் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, தடத்தில் குழிகள். கடலோர உப்புக் காற்று உள்ளே புகுந்து கெடுக்க இந்தக் கிழிசலே போதும். உள்ஜாயின்ட் புதிது, கூட வந்த கிரீஸ் பாக்கெட் முழுவதும் (பேரிங் கிரீஸ் வேண்டாம்), ஆக்சில் நட்டும் புதிது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டும் கிழிந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

உயரம் மாறியதால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் அதன் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் கடைசியில். உயரத்தை 25 மி.மீ. இறக்கத்திலேயே விட்டுவிட்டேன்.